போருக்கான பில் பிறகு வருகிறது
அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பங்க்குகளின் விலைப் பலகைக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

2025 ஜூன் 13 அதிகாலையில் இஸ்ரேல் ஈரானைத் தாக்கியது. முந்தின நாள் வரை பீப்பாய் 69 டாலரைச் சுற்றியிருந்த பிரெண்ட் கச்சா எண்ணெய், ஒரே வாரத்தில் 79 டாலரை நெருங்கியது. வளைகுடா எண்ணெய்க் கப்பல்கள் கடக்கும் ஹோர்முஸ் நீரிணை மூடப்படுமோ என்ற அச்சம்தான் காரணம். ஜூன் 24 அன்று சண்டை நின்றது. அன்றைக்கே விலை 67 டாலருக்கு இறங்கிவிட்டது. இந்தப் பன்னிரண்டு நாளும் அம்பத்தூர், ஆவடி வழியாகப் போகும் சி.டி.எச். சாலையிலும், பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும் பங்க் பலகைகள் அசையவில்லை. பெட்ரோல் 101 ரூபாயை ஒட்டியே நின்றது. டீசல் 92 ரூபாய்ச் சொச்சம்.

ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். டாலர் 86 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பீப்பாய்க்கு ஒரு டாலர் ஏறும்போது லிட்டருக்கு 54 காசு ஏறும். பத்து டாலர் ஏற்றத்துக்கு லிட்டருக்கு ஐந்து ரூபாய் கூடியிருக்க வேண்டும். கூடவில்லை என்பதில் வண்டி ஓட்டுபவர்களுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அதற்கு இரண்டு மாதம் முன்னால், ஏப்ரலில், கச்சா விலை 65 டாலருக்கும் கீழே சரிந்தபோதும் இதே பலகை அசையவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் விஷயம் விளங்கும். போர் நடக்கும்போது நம்மிடம் பில் நீட்டப்படுவதில்லை. போர் ஓய்ந்து, உலகச் சந்தையில் விலை இறங்கிய பிறகு அது வந்து சேர்கிறது. சில சமயம் வட்டியோடு. அதை எப்போது நீட்டுவது என்பதை அரசியல் தீர்மானிக்கிறது.

ஆவடியில் தொடங்கிய கதை

விலையை இப்படிப் பிடித்து நிறுத்த ஓர் அரசால் எப்படி முடிகிறது? எண்ணெய் விற்கும் பெரிய நிறுவனங்கள் அதன் கையில் இருப்பதால் முடிகிறது. அவை அரசின் கைக்கு வந்த வரலாற்றில் ஆவடிக்கும் இடம் உண்டு.

1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணி சமுதாயமே இலக்கு என்று தீர்மானம் போட்டது. அடுத்த ஆண்டு வந்த தொழிற்கொள்கைத் தீர்மானம், எண்ணெய்த் துறையின் எதிர்கால வளர்ச்சியை அரசின் பொறுப்பில் வைத்தது. 1959இல் இந்தியன் ஆயில் கம்பெனி பிறந்தது. அன்றைக்கு நாட்டின் எண்ணெய் வியாபாரத்தில் பெரும்பகுதி பர்மா ஷெல், ஸ்டான்வாக், கால்டெக்ஸ் ஆகிய மூன்று அந்நிய நிறுவனங்களிடம் இருந்தது. 1960இல் சோவியத் ஒன்றியம் மலிவு விலையில் கச்சா தர முன்வந்தது. அதைச் சுத்திகரித்துத் தர அந்த மூன்று நிறுவனங்களும் மறுத்தன. எண்ணெய் அமைச்சராக இருந்த கே.டி.மாளவியா அந்த சோவியத் விலையையே காட்டி அவர்களிடம் தள்ளுபடி வாங்கினார். சொந்தமாகச் சுத்திகரிப்பு ஆலைகள் இல்லாமல் காரியம் நடக்காது என்பதும் அப்போது உறுதிப்பட்டது. ரஷ்யத் தள்ளுபடி எண்ணெய் 2022இல் புதிதாக முளைத்த சங்கதி அல்ல.

சென்னைக்கு ஆலை வந்த வழியிலும் அரசியல்தான் இருந்தது. 1965இல் இந்திய அரசு, அமெரிக்காவின் அமோக்கோ, ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனம் மூன்றும் கூட்டுச் சேர்ந்து மெட்ராஸ் ரிஃபைனரீஸ் நிறுவனத்தை ஏற்படுத்தின. பங்கு 74, 13, 13 விழுக்காடு. மணலியில் 1969இல் உற்பத்தி தொடங்கியபோது ஆண்டுத் திறன் 25 லட்சம் டன். இன்று அது 105 லட்சம் டன். பெயர் சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன், சுருக்கமாக சி.பி.சி.எல். பெரும்பான்மைப் பங்கு இந்தியன் ஆயிலிடம். அமோக்கோ 1985இல் விலகிக்கொண்டது. ஈரான் விலகவில்லை. ஈரானியத் தேசிய எண்ணெய் நிறுவனத்தின் கிளையான நாஃப்டிரான் இன்டர்டிரேட் 15.4 விழுக்காடு பங்கை இன்னமும் வைத்திருக்கிறது.

பங்குதாரர் ஈரான் என்பதால் ஈரான் எண்ணெய் வந்துகொண்டே இருக்கும் என்று சொல்ல முடியாது. 2018இல் அமெரிக்கா மீண்டும் தடை விதித்தபோது, காப்பீடு கிடைக்காது என்ற நிலையில் மணலி ஆலை அந்தக் கச்சாவை நிறுத்த வேண்டியதாயிற்று. 2019 மே மாதத்தோடு இந்தியாவே ஈரானிடம் வாங்குவதை விட்டது. வாஷிங்டனில் போட்ட ஒரு கையெழுத்து, மணலி ஆலை எந்த ஊர் எண்ணெயைக் காய்ச்சலாம் என்பதை மாற்றிவிட்டது.

ஒரே காலாண்டு, இரண்டு கணக்கு

போர் வந்தால் எண்ணெய்க் கம்பெனிகள் கொழுக்கும் என்பது பொதுப் பேச்சு. உலக அளவில் அது உண்மைதான். ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த 2022ஆம் ஆண்டில் சவுதி அராம்கோ 161 பில்லியன் டாலர் நிகர லாபம் காட்டியது. எக்ஸான் மொபில் 55.7 பில்லியன், ஷெல் ஏறத்தாழ 40 பில்லியன். மூன்றும் தரையைத் தோண்டி எண்ணெய் எடுப்பவை. அவற்றின் எடுப்புச் செலவு போரால் பெரிதாக ஏறாது. விற்பனை விலை மட்டும் ஏறும்.

நம் கதை வேறு. இந்தியா தனக்குத் தேவையான கச்சாவில் 85 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்கிறது. இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் மூன்றும் வாங்கிக் காய்ச்சி விற்பவை. வாங்கும் விலை உலகச் சந்தையில் நிற்கிறது. விற்கும் விலை டெல்லியின் கண் அசைவில் நிற்கிறது. காகிதத்தில் பெட்ரோல் விலைக்கட்டுப்பாடு 2010இலும் டீசல் விலைக்கட்டுப்பாடு 2014இலும் நீக்கப்பட்டன. 2017 ஜூன் முதல் தினமும் காலை 6 மணிக்கு விலை மாறும் முறையும் வந்தது. ஆனால் 2022 ஏப்ரல் 6க்குப் பிறகு கம்பெனிகள் தினசரி மாற்றத்தையே நிறுத்திவிட்டன. அன்று சென்னையில் பெட்ரோல் 110 ரூபாய் 85 காசு, டீசல் 100 ரூபாய் 94 காசு. மே 22 அன்று மத்திய அரசு கலால் வரியைக் குறைத்ததும் அவை 102.63, 94.24 என இறங்கின. பிறகு ஏறத்தாழ 22 மாதம் அதே விலை.

அந்த 2022 ஏப்ரல்–ஜூன் காலாண்டின் கணக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இயந்திரம் எப்படி ஓடுகிறது என்பது தெரியும். இந்துஸ்தான் பெட்ரோலியம் 10,197 கோடி ரூபாய் நட்டம் காட்டியது. பாரத் பெட்ரோலியம் 6,200 கோடிக்கு மேல். இந்தியன் ஆயில் 1,993 கோடி. அதே மூன்று மாதத்தில் மணலியின் சி.பி.சி.எல். 2,300 கோடிக்கு மேல் லாபம் பார்த்தது. தாய்க் கம்பெனிக்கு நட்டம், பிள்ளைக் கம்பெனிக்கு வரலாறு காணாத லாபம்.

இதில் மர்மம் எதுவும் இல்லை. சி.பி.சி.எல்.லுக்கு அப்போது சொந்த பங்க் வலையமைப்பு கிடையாது. அது ஆலை மட்டுமே. டீசலையும் பெட்ரோலையும் பெரும்பாலும் இந்தியன் ஆயிலிடம்தான் தள்ளிவிடும். அந்தக் கைமாற்று விலை உலகச் சந்தையோடு கட்டப்பட்டது. 80 பங்கு இறக்குமதி விலை, 20 பங்கு ஏற்றுமதி விலை என்ற சூத்திரம். ரஷ்ய டீசல் ஐரோப்பாவுக்குப் போகாது என்ற பயத்தில் உலகெங்கும் டீசல் விலை கச்சாவை விட வேகமாக ஏறியது. ஆலைகளுக்கு அது பொற்காலம். இந்தியன் ஆயிலே அந்தக் காலாண்டில் பீப்பாய்க்கு 31.81 டாலர் சுத்திகரிப்பு வரவு காட்டியது. ஆலையில் வந்த அத்தனையையும் பங்க் விழுங்கியது.

நட்டம் எப்போது அடைபட்டது?

2022–23 முழு ஆண்டுக்கு மூன்று நிறுவனங்களும் சேர்ந்து காட்டிய நிகர லாபம் சுமார் 1,138 கோடி ரூபாய். அதுவும், சமையல் எரிவாயுவைக் குறைத்து விற்றதற்கு ஈடாக மத்திய அரசு கொடுத்த 22,000 கோடியைச் சேர்த்துத்தான். அடுத்த ஆண்டில் கச்சா விலை தணிந்தது. தள்ளுபடியில் ரஷ்ய எண்ணெயும் குவிந்தது. போருக்கு முன் நம் இறக்குமதியில் 2 விழுக்காடு போல இருந்த ரஷ்யாவின் பங்கு மூன்றில் ஒன்றுக்கும் மேல் போனது. பங்க் விலை மட்டும் இறங்கவில்லை. 2023–24இல் இந்தியன் ஆயில் 39,619 கோடி, பாரத் 26,674 கோடி, இந்துஸ்தான் 14,694 கோடி என மொத்தம் 80,987 கோடி ரூபாய் லாபம்.

போர் ஆண்டையும் லாப ஆண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் ஆண்டுக்கு 41,000 கோடி வருகிறது. பெரும்பகுதி போர் தொடங்குவதற்கு முன் ஓடிய 2021–22இல் மூன்றும் சேர்ந்து சம்பாதித்தது 39,000 கோடிச் சொச்சம். ஆக, 2024 மார்ச் முடிவதற்குள் போர்க்கால நட்டம் முழுதாக அடைபட்டு, மேற்கொண்டும் கொஞ்சம் நின்றது. அந்த வேளையில் வாடிக்கையாளருக்குத் திரும்பி வந்தது லிட்டருக்கு 2 ரூபாய். 2024 மார்ச் 14 அன்று அறிவிப்பு; மறுநாள் சென்னையில் பெட்ரோல் 100.75, டீசல் 92.34. மார்ச் 16 அன்று மக்களவைத் தேர்தல் தேதி வெளியானது.

கம்பெனிகள் தரப்பில் சொல்ல ஒரு நியாயம் இருக்கிறது. 2024–25இல் லாபம் 33,600 கோடிக்கு இறங்கியது. வீட்டு சிலிண்டரில் ஏற்பட்ட நட்டத்துக்கு 2025 ஆகஸ்டில்தான் 30,000 கோடி ஈட்டுத்தொகைக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஆனால் இந்த நியாயம் ஒரு கேள்வியைத் தவிர்க்கிறது. சிலிண்டரின் நட்டத்தை டீசல் லாபத்திலிருந்து அடைப்பதானால், அதைச் சுமப்பது டீசல் போடுபவர். அப்படி ஒரு முடிவு நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட வேண்டியது. பங்க் பலகையில் ஒளிந்திருக்க வேண்டியதில்லை.

ஒரு லிட்டருக்குள் யார் யார்

கம்பெனிகளை மட்டும் பிடித்துக்கொண்டு அரசுகளை விட்டுவிட்டால் கணக்கு பாதிதான். 2025 நடுவில் சென்னையில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு நாம் கொடுத்த 101 ரூபாயில், மத்திய கலால் 21 ரூபாய் 90 காசு. மாநில மதிப்புக் கூட்டு வரி 13 விழுக்காடும், அதற்கு மேல் நிலையாக 11 ரூபாய் 52 காசும். இரண்டும் சேர்ந்து 21 ரூபாய்க்குச் சற்று மேல். டீசலில் மத்திய அரசுக்கு 17.80, மாநிலத்துக்கு 17 ரூபாய்க்குச் சற்று மேல். பெட்ரோலில் நூற்றுக்கு 43, டீசலில் லிட்டருக்கு 35 ரூபாய் போல வரி.

இந்த வரி எப்போது ஏறியது என்று பாருங்கள். 2014 நவம்பர் முதல் 2016 ஜனவரி வரை உலக விலை சரிந்தபோது மத்திய அரசு ஒன்பது முறை கலாலை ஏற்றியது. 2020 ஏப்ரலில் கொரோனா முடக்கத்தில் இந்தியா வாங்கும் கச்சா சராசரியாக 20 டாலருக்கு வந்தது. மே முதல் வாரத்தில் தமிழக அரசு தன் வரி முறையை மாற்றியது. விழுக்காட்டைக் குறைத்து நிலைத் தொகையைச் சேர்த்தது, பெட்ரோல் 3.25, டீசல் 2.50 கூடியது. இரண்டொரு நாளில் மத்திய அரசு பெட்ரோலில் 10 ரூபாயும் டீசலில் 13 ரூபாயும் கலாலை ஏற்றியது. விலைச் சரிவின் பலன் எவருக்கும் போய்விடாமல் இரு அரசுகளும் ஒரே வாரத்தில் அணை கட்டின. நிலைத் தொகையின் நுட்பம் இதுதான்: விலை ஏறினால் விழுக்காட்டில் வரவு கூடும், இறங்கினால் நிலைத் தொகை வரவைக் காக்கும்.

பிறகு வந்த தி.மு.க. அரசு 2021 ஆகஸ்டில் பெட்ரோலில் 3 ரூபாய் குறைத்தது. தேர்தலில் சொன்னது 5 ரூபாய். டீசலுக்கு 4 ரூபாய் என்ற வாக்குறுதி நிறைவேறவில்லை. மத்திய கலாலில் பெரும்பகுதி மாநிலங்களோடு பகிராத செஸ், கூடுதல் தீர்வைகளாக இருக்கிறது என்ற மாநிலத்தின் புகாரும் உண்மையானதே. 2025 ஏப்ரல் 8 அன்று மத்திய அரசு மேலும் 2 ரூபாய் கலால் ஏற்றியது. அன்று உலக விலை இறங்கிக்கொண்டிருந்ததால் பங்க் விலையில் அது தெரியவே இல்லை. நமக்கு வந்திருக்க வேண்டிய இறக்கம் சத்தமில்லாமல் வரியாக மாறியது.

தேர்தலுக்கும் இதே இலக்கணம். 2018 கர்நாடகத் தேர்தலுக்கு முன் 19 நாள் விலை உறைந்தது. 2021இல் தமிழகம் உள்ளிட்ட மாநிலங்கள் வாக்களித்த காலத்தில் ஏற்றம் இல்லை. மே 2இல் முடிவு வந்தது, மே 4 முதல் ஏற்றம் தொடங்கியது. உத்தரப் பிரதேசத் தேர்தலை ஒட்டி 2021 நவம்பர் 4 முதல் 2022 மார்ச் 21 வரை அசைவில்லை. அதற்குள் உக்ரைன் போரே வந்து, பிரெண்ட் ஒரு கட்டத்தில் 139 டாலரைத் தொட்டிருந்தது. முடிவுகள் வந்த பின், மார்ச் 22 முதல் பதினாறு நாளில் ஏறத்தாழ 10 ரூபாய் ஏறியது.

எஸ்டேட்டுக்குள் வரும் போர்

இந்த விலை உறைவு யாருக்குக் குடை பிடிக்கிறது? இருசக்கர வண்டியில் வேலைக்குப் போகிறவருக்கும் வீட்டு அடுப்புக்கும் ஓரளவு பிடிக்கிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருக்கும் சிறு பட்டறைக்குப் பிடிப்பதில்லை. அங்கே பயன்படும் ஹைட்ராலிக் ஆயில், கட்டிங் ஆயில், பிளாஸ்டிக் வார்ப்புக்கான குருணை எல்லாம் எண்ணெயின் பிள்ளைகள். அவற்றுக்கு டெல்லியில் காவலர் இல்லை. உலக விலை ஏறினால் அடுத்த சரக்கிலேயே ஏறிவிடும். பட்டறைக்காரர் பெரிய கம்பெனிக்கு ஜாப் ஒர்க் செய்பவர். ரேட்டை ஏற்றிக் கேட்டால் ஆர்டர் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடும் என்ற பயம் அவருக்கு எப்போதும் உண்டு.

சிலிண்டரில் இந்த வேறுபாடு இன்னும் பளிச்சென்று தெரியும். சென்னையில் வீட்டு சிலிண்டர் 2023 மார்ச்சில் 1,118.50 வரை போனது. 2023 ஆகஸ்டு இறுதியில் 200 ரூபாய் குறைத்தார்கள். 2024 மார்ச்சில், தேர்தல் அறிவிப்புக்கு எட்டு நாள் முன்னால், இன்னொரு 100 குறைத்து 818.50 ஆக்கினார்கள். 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏற்றி 868.50. டீக்கடையும் ஓட்டலும் வாங்கும் 19 கிலோ வணிக சிலிண்டரோ மாதாமாதம் ஒன்றாம் தேதி உலக விலையைப் பார்த்து மாறும். 2022 மே மாதம் சென்னையில் அது 2,508 ரூபாய். அம்பத்தூர் ஓ.டி.யில் டீ குடிக்கும் தொழிலாளி, வீட்டில் அரசியல் விலையும் கடையில் போர் விலையும் கொடுக்கிறார்.

லாரிக்கு வருவோம். பூந்தமல்லியிலிருந்து பெங்களூருக்கு ஏறத்தாழ 320 கிலோமீட்டர். சரக்கேற்றிய லாரி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்தால் 80 லிட்டர் டீசல். 2025 விலையில் செலவு 7,400 ரூபாய் போல. அதில் வரி மட்டும் 2,800. டயருக்கும் உதிரி பாகத்துக்கும் கட்டிய சரக்கு-சேவை வரியைப் பல சமயம் உள்ளீட்டு வரவாகக் கழித்துக்கொள்ளலாம். டீசல் வரியில் ஒரு பைசாகூடக் கழிக்க முடியாது. ஏனென்றால் கச்சா, பெட்ரோல், டீசல், இயற்கை எரிவாயு, விமான எரிபொருள் ஐந்தும் இன்னமும் ஜி.எஸ்.டி.க்கு வெளியே நிற்கின்றன. 2021 செப்டம்பரில் லக்னோ கூட்டத்தில் பேச்சு எழுந்தது. மாநிலங்களும் மத்திய அரசும் வரி வரவைக் கைவிட மனமில்லாமல் அதை மூடிவைத்தன. அந்த 2,800 ரூபாய் சரக்கின் விலையில் ஒட்டிக்கொண்டு, கடைசியில் வாங்குபவர் தலையில் இறங்குகிறது.

தமிழக அரசுப் பேருந்துக் கட்டணம் 2018 ஜனவரியில் உயர்ந்தது. அப்போது டீசல் 70 ரூபாய்க்கும் கீழே. 2022 மார்ச்சில் பங்க் விலையைப் பிடித்து வைத்தபடியே, மொத்தமாக வாங்குவோருக்கு மட்டும் லிட்டருக்கு ஏறத்தாழ 25 ரூபாய் ஏற்றினார்கள். போக்குவரத்துக் கழகங்கள் அந்த மொத்த வாடிக்கையாளர் பட்டியலில் வருபவை. பயணி தப்பினார், கழகத்தின் கடன் வளர்ந்தது, அதையும் கட்டப்போவது வரி செலுத்துபவர்தான். மின்சாரப் பேருந்துக்காகத் தேர்ந்தெடுத்த முதல் ஐந்து பணிமனைகளில் பூந்தமல்லியும் ஒன்று. ஹோர்முஸ் நீரிணையிலிருந்து இப்பகுதி சற்றாவது விலகி நிற்க அது ஒரு வழி.

என்ன கேட்க வேண்டும்

விலையைப் பிடித்து வைப்பதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. 2022இல் உலக விலையை அப்படியே விட்டிருந்தால் எஸ்டேட்டில் பல ஷட்டர்கள் இறங்கியிருக்கும். அரசு நிறுவனங்கள் குறுக்கே நின்று அடியை வாங்கிக்கொண்டது நல்ல காரியம். ஆவடித் தீர்மானத்தின் பலன் என்று அதைச் சொல்லலாம். குறை வேறு இடத்தில் இருக்கிறது. அடி வாங்கிய கணக்கு எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. எத்தனை கோடி பாக்கி, எத்தனை மாதத்தில் அடைபடும், அடைபட்ட மறுநாள் விலை என்ன ஆகும் என்று மக்களுக்குச் சொல்வார் இல்லை. கணக்கு இல்லாத இடத்தில் தேர்தல் தேதி கணக்காகிவிடுகிறது.

பிரிட்டன் 2022 மே மாதம் எண்ணெய்க் கம்பெனிகளின் கூடுதல் லாபத்துக்கு 25 விழுக்காடு தனி வரி போட்டது. விகிதமும் காலமும் சட்டத்தில் வெளிப்படையாக இருந்தன. இந்தியாவும் 2022 ஜூலையில் உள்நாட்டுக் கச்சாவுக்கும் எரிபொருள் ஏற்றுமதிக்கும் அப்படி வரி போட்டு, 2024 டிசம்பரில் எடுத்தது. உற்பத்தியாளர், ஏற்றுமதியாளர் விஷயத்தில் கைகூடிய வெளிப்படைத்தன்மை பங்க் விலையில் ஏன் கூடாது?

மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். விலை உறைந்திருக்கும் காலத்தில், லிட்டருக்கு எவ்வளவு நட்டம் அல்லது லாபம் என்பதை மூன்று நிறுவனங்களும் மாதாமாதம் வெளியிட வேண்டும். போர்க்கால நட்டம் அடைபட்டதும் விலை தானே இறங்கும் சூத்திரம் ஒன்று வேண்டும். சிறுதொழிலுக்கு உள்ளீட்டு வரவு கிடைக்கும்படி டீசலையாவது ஜி.எஸ்.டி.க்குள் கொண்டுவர வேண்டும். தமிழக அரசு தன் நிலைத் தொகையை விட்டுக்கொடுத்து அதற்கு முன்னால் நிற்கலாம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியில் வாக்குக் கேட்டு வருகிறவர்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும், பெட்ரோல் விலையை எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அந்தக் கணக்கை எப்போது காட்டுவீர்கள் என்றும் கேளுங்கள்.